மோட்டார் இருக்கைத் தோல்

சோளிங்கர் மலையடிவாரத்து வெயிலில் நிற்கும் பழைய மோட்டார் வண்டியின் தோல் இருக்கை விறைத்துப்போவது ஏன்? ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடுவோர் இதன் காரணத்தை நன்கறிவர். ஆவாரம்பட்டையும் குரோம் உப்பும் தோலை அழுகாமல் காப்பன. அதற்கு மென்மை தருவதோ பின்னர் ஊட்டப்பெறும் எண்ணெய். அது வற்றினால் தோலின் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மடியுமிடத்தில் வெடிக்கும்.

முதலில் தூசியைத் துடைத்து, ஈரத்துணியால் அழுக்கை நீக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். பின், மறைவான மூலையில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். தோல் அதனை உறிஞ்சினால், விளக்கெண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, ஓர் இரவு கழித்து மிகுதியைத் துடைத்தெடுக்கலாம். நீர் முத்தாக நின்றால், அது மேற்பூச்சுள்ள தோல். எண்ணெய் உட்செல்லாது, ஈரத்துணியே போதும். சலவைச் சோடாவும் பெட்ரோலும் கூடவே கூடா.

வெடித்த தோல் மீண்டும் ஒன்று சேராது. விறைப்புத் தோன்றும்போதே கவனிப்பதுதான் அறிவுடைமை.