17 வாட் கருவிக்கு 23 வெள்ளி பில்

வீட்டில் பிட்காயின் மைனிங் பெட்டி வைத்தால் கட்டுப்படியாகுமா? முதலில் வரவு. பிட்காயின் வலையமைப்பு ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்ற கணக்கில் ஓடுகிறது; நாளொன்றுக்கு 144 பிளாக். 2024 ஏப்ரலில் நடந்த பாதியாக்கத்துக்குப் பிறகு ஒரு பிளாக்குக்கு 3.125 நாணயம். ஆக, உலகம் முழுவதும் மைனிங் செய்கிற அத்தனை பேரும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்வது தினம் 450 நாணயம். 2025-இல் வலையமைப்பின் மொத்தக் கணக்கிடும் வேகம் விநாடிக்கு 100 கோடி டெராஹாஷைத் தொட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு டெராஹாஷுக்கு ஒரு நாளைக்கு 45 சடோஷி (சடோஷி என்பது நாணயத்தின் பத்துக் கோடியில் ஒரு பங்கு). நாணயம் ஒன்று 4 லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். விலை ஏறலாம், இறங்கலாம். கணக்கு போட ஓர் எண் வேண்டும். அப்படியானால் ஒரு டெராஹாஷின் தினக்கூலி 18 சென்.

இந்தப் 18 சென்னைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடையில் பெட்டி பார்க்க வேண்டும்.

பெரிய பெட்டிகளை முதலிலேயே தள்ளிவிடலாம். ஆண்ட்மைனர் எஸ்21 வேகம் 200 டெராஹாஷ், மின்சாரம் 3,500 வாட், சத்தம் 75 டெசிபல். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் 13 ஆம்பியர் பிளக், 230 வோல்ட்டில் தாங்குவது 2,990 வாட்தான். செருகவே வழியில்லாத பெட்டியின் சத்தத்தைப் பற்றிப் பேசுவானேன்?

வீட்டுக்கென்று விற்கும் அமைதி ரகத்தில் நான்கை எடுத்துக்கொள்கிறேன். பிட்டாக்ஸ் காமா: 1.2 டெராஹாஷ், 17 வாட். கனான் நிறுவனத்தின் அவலோன் நானோ 3எஸ்: 6 டெராஹாஷ், 140 வாட், 33 முதல் 40 டெசிபல். அதே நிறுவனத்தின் மினி 3: 37.5 டெராஹாஷ், 800 வாட். அவலோன் கியூ: 90 டெராஹாஷ், 1,674 வாட், முழு வேகத்தில் இது 65 டெசிபல் வரை போகும், படுக்கையறைக்கு ஆகாது.

இவற்றில் பிட்டாக்ஸ்தான் பார்க்க அழகு. உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை, நடுவில் ஒரே ஒரு சிப், அதன் மேல் சின்ன விசிறி, ஓரத்தில் வேகத்தையும் சூட்டையும் காட்டும் தபால்தலை அளவுத் திரை. அந்தச் சிப் ஆண்ட்மைனர் எஸ்21 புரோவுக்குள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் அதே பிஎம்1370. வடிவமைப்பு திறந்த உரிமம், யாரும் செய்து விற்கலாம். விலை கடைக்குக் கடை மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி செலவு. 2025 ஜூலை 1 முதல் மலேசிய மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் பில் மாறிவிட்டது. பழைய பில்லில் படிப்படியாக ஏறும் ஐந்து விலைகள் இருந்தன. முதல் 200 யூனிட் 21.8 சென், 900-க்கு மேல் 57.1 சென். புதிய பில்லில் வரிகள் வேறு: தெனாகா (மின்சாரம்) 27.03 சென், கப்பாசித்தி (திறன்) 4.55, ராங்காயான் (மின்வலை) 12.85. மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். மாதம் 600 யூனிட்டைத் தாண்டினால் பெருன்சித்தான் (சில்லறைக் கட்டணம்) என்று 10 வெள்ளி தனியாக வரும்.

நேராக 44.43 சென்னை வைத்து 30 நாள் மாதத்துக்குக் கணக்கிட்டால் இப்படி வருகிறது. பிட்டாக்ஸ் தின்பது 12.24 யூனிட், செலவு 5.44 வெள்ளி, வரவு 6.48 வெள்ளி. நானோ 3எஸ் 100.8 யூனிட், செலவு 44.79, வரவு 32.40. மினி 3 தின்பது 576 யூனிட், செலவு 255.92, வரவு 202.50. அவலோன் கியூ 1,205 யூனிட், செலவு 535.51, வரவு 486. ஒரு டெராஹாஷுக்கு 16.9 வாட்டுக்கு மேல் எடுக்கும் எந்தப் பெட்டியும் இந்த விலையில் நஷ்டம். நான்கில் பிட்டாக்ஸ் மட்டும் கோட்டுக்குள் நிற்கிறது. அதுவும் மாதம் ஒரு வெள்ளி லாபத்தில்.

பெரும்பாலோர் இந்த இடத்தில் கால்குலேட்டரை மூடிவிடுகிறார்கள். ஆனால் வீட்டு பில்லில் கழித்தல் குறியோடு இன்னொரு வரி இருக்கிறது: சிக்கனமாகப் புழங்குவோருக்கான ஊக்கத் தள்ளுபடி. மொத்தம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழியும். 251-300 என்றால் 22.5 சென். 451-500 என்றால் 12 சென், 501-550 என்றால் 10.5, 551-600 என்றால் 9, 601-650 என்றால் 7.5. இப்படிக் குறைந்துகொண்டே போய் 1,000 யூனிட்டுக்கு மேல் ஒன்றுமில்லை. முக்கியமான விஷயம், இந்தத் தள்ளுபடி கூடுதலாக எரித்த யூனிட்டுக்கு மட்டும் குறைவதில்லை. அடுத்த படிக்குப் போனால் மாதம் முழுக்க எரித்த எல்லா யூனிட்டுக்கும் சேர்த்துக் குறைகிறது.

இதனால் ஒரே பெட்டி இரண்டு வீட்டில் இரண்டு விலைக்கு ஓடும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு, தனி ஆள், மாதம் 190 யூனிட் என்று வைப்போம். பில் 36.92 வெள்ளி. நானோ 3எஸ்ஸைச் செருகினால் 290.8 யூனிட், பில் 63.77. பெட்டிக்காகக் கூடுதலாகப் போனது 26.85 வெள்ளி, வரவு 32.40. மாதம் 5.55 வெள்ளி லாபம்!

அதே பெட்டியைக் கிள்ளானில் 480 யூனிட் எரிக்கும் தாமான் வீட்டுக்குக் கொண்டுபோவோம். பில் 155.66-இலிருந்து 205.78-க்குப் போகிறது. கூடுதல் 50.12 வெள்ளி. பெட்டி எரித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறக்குறைய 50 சென். பில்லில் எங்கும் அச்சாகாத விலை இது. நஷ்டம் 17.72 வெள்ளி. மாதம் 580 யூனிட் எரிக்கும் குடும்பம் என்றால் நிலைமை இன்னும் மோசம். 600-ஐத் தாண்டி 680.8-க்குப் போகும்போது 10 வெள்ளியும் சேர்ந்து கூடுதல் 69.55, யூனிட்டுக்கு 69 சென். 300 யூனிட்டுக்கு மேற்பட்ட பில்லுக்கு விழும் 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதியையும், 600-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரியையும் இதில் நான் சேர்க்கவே இல்லை.

17 வாட் பொம்மைக்குக்கூட இந்த வலையிலிருந்து தப்பில்லை. 595 யூனிட்டில் நிற்கிற வீட்டில் பிட்டாக்ஸைச் செருகினால் 607.24. பில் 210.81-இலிருந்து 234.25-க்கு ஏறும். 12 யூனிட் தின்ற கருவிக்கு 23.44 வெள்ளி! 498-இல் நின்ற வீடு 500-ஐத் தாண்டினால் 11.62 வெள்ளி. 480-இல் நின்ற வீட்டுக்கோ வெறும் 3.97 வெள்ளி. பெட்டியும் மாறவில்லை, வாட்டும் மாறவில்லை. ஆகவே கடைக்காரர் காட்டும் டெராஹாஷ் பட்டியலைவிட உங்கள் வீட்டு யூனிட் எண்தான் பெரிய தகவல்.

சூட்டுக்கு வருவோம். கனான் தன் சின்னப் பெட்டிகளை அறையைச் சூடாக்கும் ஹீட்டர் என்றும் சேர்த்துத்தான் விற்கிறது. கனடாவிலோ நார்வேயிலோ அது நியாயமான பேச்சு: எப்படியும் ஹீட்டருக்குக் கொடுக்கப்போகும் காசில் கொஞ்சம் சடோஷியும் வருகிறது. மதியம் 32, 33 டிகிரி அடிக்கும் கோலாலம்பூரில் அந்த 140 வாட் சூட்டை வெளியேற்ற ஏர்கோனுக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டும். நல்ல ஏர்கோன் மூன்று பங்கு சூட்டை அகற்ற ஒரு பங்கு மின்சாரம் எடுக்கும் என்று வைத்தால், இரவு 10 மணி நேரத்துக்கு மாதம் 14 யூனிட் கூடுதல். லாபத்தில் நின்ற பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு இதைச் சேர்த்துப் பாருங்கள்: 304.8 யூனிட், பில் 71.41. பெட்டியால் வந்த கூடுதல் 34.49 ஆகிவிட்டது, வரவோ 32.40. ஐந்தரை வெள்ளி லாபம் இரண்டு வெள்ளி நஷ்டமாகிவிட்டது. பெட்டியை ஐந்தடி வாசலில் வைக்கலாமே என்பீர்கள். மழைச்சாரல், தூசி, எறும்பு எல்லாவற்றுக்கும் அங்கே விருந்து. அறிவிக்கப்பட்ட டெசிபல் எண்ணும் குளிர்ந்த அறைக்கானது. 33 டிகிரியில் விசிறி வேகமாகச் சுற்றும், அமைதிக்காக வாங்கியது முனக ஆரம்பிக்கும்.

மாதச் சில்லறை வேண்டாம், அடித்தால் மொத்தமாக அடிக்கட்டும் என்று குழுவில் சேராமல் தனியாக ஓட்டுகிறவர்களும் உண்டு. பிளாக் கிடைத்தால் 3.125 நாணயம், நம் விலையில் 12 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி. குட்டிக் கருவிகளுக்கு அப்படி அடித்த செய்திகளும் வந்திருக்கின்றன. ஆனால் 1.2 டெராஹாஷுக்குச் சராசரிக் காத்திருப்பு சுமார் 15,850 ஆண்டு. நானோவுக்கு 3,170 ஆண்டு. ஒரு வாட் அளவே எடுக்கும் நெர்ட்மைனர் விநாடிக்கு 1 லட்சம் ஹாஷ் போடுகிறது என்று எடுத்துக்கொண்டால் 19,000 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான்.

நாலு நம்பர் எடுக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பிக் பந்தயத்தில் ஒரு வெள்ளி வைத்தால் 23 பரிசுகளும் சேர்ந்து சராசரியாகத் திரும்புவது 64 சென். பிட்டாக்ஸுக்கு ஆண்டு மின்சாரம் 66 வெள்ளி, சராசரி எதிர்பார்ப்பு 79 வெள்ளி. அடடே, நம்பரைவிட மேல் என்று துள்ள வேண்டாம். கருவி 600 வெள்ளி, ஐந்து ஆண்டு உழைக்கும் என்று சேர்த்தால் ஆண்டுச் செலவு 186 ஆகிறது. வெள்ளிக்கு 42 சென்தான் திரும்பும். நம்பர் கடையே தேவலை!

மின்சாரம்தான் இடிக்கிறது என்றால் மீட்டரை ஏமாற்றிவிடலாம் என்று கிளம்பியவர்களின் கணக்கு நாட்டுக் கணக்காகவே இருக்கிறது. 2020 முதல் 2025 ஆகஸ்டு வரை 13,827 இடங்களில் சட்டவிரோத மைனிங்கால் தெனாகா நேஷனல் இழந்தது சுமார் 4.6 பில்லியன் வெள்ளி என்று நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. ஓர் இடத்துக்குச் சராசரி 3 லட்சத்து 30 ஆயிரம் வெள்ளி. 2021 ஜூலையில் சரவாக்கின் மீரியில் 1,069 பெட்டிகளைப் போலீஸார் ரோட் ரோலர் ஏற்றி நசுக்கிய காட்சி உலகம் சுற்றியது. அவை திருட்டு மின்சாரத்தில் ஓடியவை. காசு கொடுத்து வாங்கும் மின்சாரத்தில் வீட்டில் ஒரு பெட்டி ஓட்டுவது வேறு விஷயம். அதற்கு இங்கே தடையில்லை.

நேர மாற்றுக் கட்டணத்துக்கு மாறலாமா? ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மாறலாம். வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். மற்ற நேரத்தில் தெனாகா வரி 24.43 சென், மொத்தம் 41.83. பெட்டியை அந்த நேரங்களில் மட்டும் ஓட்டினால்கூட ஒரு டெராஹாஷுக்கு 23 வாட் எடுக்கும் நானோ, தள்ளுபடியைச் சேர்க்காவிட்டால், கரையேறாது. கூரையில் சூரியத் தகடு வைத்தவர்களும் மின்சாரம் சும்மா வருகிறது என்று எண்ணக் கூடாது. பெட்டிக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டும் பில்லில் கழிந்திருக்க வேண்டியது.

கருவியின் விலையைக் கடைசிக்கு வைத்தேன். நானோ 3எஸ் 1,200 வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். ஏர்கோன் இல்லாத பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் 5.55 வெள்ளி லாபத்தில் அது முதலைத் திருப்ப 216 மாதம் ஆகும், 18 ஆண்டு. அதற்குள் அடுத்த பாதியாக்கம் 2028-இல் வரும், பிளாக்குக்கு 1.5625 நாணயம்தான். விலை இரட்டிப்பாகாவிட்டால் அன்றே 18 சென் 9 சென் ஆகும்.

பிட்டாக்ஸ் வேண்டுமானால் வாங்குங்கள். மேசையில் வைத்து பிட்காயின் எப்படி இயங்குகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல சாமான் இல்லை. வாங்கும் முன் கடைசி மூன்று மாத பில்லை எடுத்து, 500-க்கும் 600-க்கும் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். நானோவும் மினியும் கிள்ளான் தாமான் வீட்டுக்கு வேண்டாம். சடோஷிதான் ஆசை என்றால், செக்யூரிட்டிஸ் கமிஷனில் பதிந்த லூனோ போன்ற தளங்கள் இருக்கின்றன. கிள்ளான் வீட்டில் நானோ மாதம் கொண்டுவருவது 8,100 சடோஷி. அதற்காக பில்லில் கூடும் 50.12 வெள்ளிக்கு, கமிஷன் கழிக்குமுன், நேராக 12,530 சடோஷி வாங்கலாம்.