தசைநார் ரண சிகிச்சைக்குப் பின் முழங்காற் பாதுகாப்பு

முழங்காலைக் கதவின் கீலுக்கு ஒப்பிடுவது வழக்கம். இவ்வொப்புமை ஓரளவுக்கே பொருந்தும். கீல் மடங்குவதும் விரிவதுமன்றி வேறொன்றும் அறியாது. முழங்காலோ மடங்கும்பொழுதே சிறிது திரும்பவும் செய்கிறது. தொடை எலும்பின் உருண்ட நுனி, கீழ்க்கால் எலும்பின் ஏறக்குறையத் தட்டையான பரப்பின்மீது அமர்ந்திருக்கிறது. எலும்புகளின் அமைப்பு மட்டும் இம்மூட்டை நிலைநிறுத்தப் போதாது. நான்கு முக்கியமான தசைநார்கள் அவற்றைப் பிணைத்து நிற்கின்றன. அவற்றுள் இரண்டு, மூட்டின் நடுவே பெருக்கற்குறிபோல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. முன்னுள்ளது முன் குறுக்குத் தசைநார் எனப்படும். கீழ்க்கால் எலும்பு முன்புறமாக நழுவாதபடியும், மூட்டு அளவுக்கு மீறித் திருகாதபடியும் காப்பது இதன் வேலை.

இந்நார் அறுந்தால், "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று மக்கள் கூறுகின்றனர். மூட்டினுள் மெத்தைபோல் அமைந்த பிறைக் குருத்தெலும்பு கிழிந்தாலும் இதே சொல்தான். இரண்டும் வெவ்வேறு, ஒரே விபத்தில் இரண்டும் சேதமுறுவதும் உண்டு. ஆகவே, சிகிச்சை பெற்றவர் தமக்குச் செய்யப்பட்டது யாது என்பதை மருத்துவமனைச் சீட்டிலிருந்து அறிந்து வைத்திருத்தல் நலம். பிற்காலப் பாதுகாப்பு பெரிதும் அதனைப் பொறுத்தது.

பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடல் மட்டும் திரும்பும்பொழுதே இந்நார் பெரும்பாலும் அறுகிறது. கபடியில் பிடிபட்டவர் திமிறும்பொழுதும், கால்பந்தாட்டத்தில் ஓடுபவர் திடீரெனத் திசை மாறும்பொழுதும் நேர்வது இதுவே. சேற்று வயலில் புதைந்த காலை எடுக்காமலே திரும்ப முயல்வதும், மோட்டார் சைக்கிள் சறுக்கும்பொழுது ஒரு காலை ஊன்றுவதும் இவ்வகையினவே. விளையாட்டு மைதானத்தையே அறியாத பலர் நம் நாட்டில் இக்காயத்துடன் மருத்துவமனைக்கு வருவதற்குச் சாலை விபத்துகளே காரணம்.

1895-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற டாக்டர், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த குறுக்குத் தசைநார்களைத் தைத்துச் சேர்த்தார். 1917-இல் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த ஹே குரோவ்ஸ், தைப்பதற்குப் பதிலாகத் தொடையின் புறத்தேயுள்ள உறைத் திசுவிலிருந்து ஒரு பட்டையை எடுத்துப் புதிய நாராக அமைத்தார். இன்றைய முறை இதன் வழிவந்ததே. பின்தொடையிலிருந்தோ, முழங்காற் சில்லின் கீழிருந்தோ, மேலிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அதில் அந்நாணைக் கோத்து இறுக்குகின்றனர். சிறு துளைகளின் வழியே கண்ணாடிக் குழாயைச் செலுத்தி இவ்வேலை முடிக்கப்படுவதால், நோயாளி சில நாட்களிலேயே வீடு திரும்பிவிடுகிறார். இந்த விரைவே பிறகு ஏமாற்றம் தருவதும் ஆகும்.

ஏனெனில், புதிய நார் உள்ளே வைக்கப்பட்ட அன்று வலிமை மிக்கதாயிருப்பினும், தன் இரத்த ஓட்டத்தை இழந்த பொருளாகும். முதற்சில வாரங்களில் அதிலுள்ள உயிரணுக்கள் பெரும்பாலும் மடிகின்றன. பின்னர்ச் சுற்றுப்புறத்திலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதனுள் புகுகின்றன. புதிய உயிரணுக்கள் குடியேறுகின்றன. பழைய இழைகளைப் பிரித்துப் புதிதாக நெய்கின்றன. குடியிருந்துகொண்டே வீட்டின் கூரையை மாற்றுவது போன்ற வேலை இது. இம்மாற்றத்தின் நடுவே, ஏறக்குறைய இரண்டாம் மூன்றாம் மாதங்களில், நார் முதல் நாளில் இருந்ததைவிட மெலிந்து நிற்பதை விலங்குகளிடம் நடத்திய ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அது முதிர்ந்து ஒழுங்குபெற ஓராண்டும், அதற்கு மேலும் ஆகும்.

அதே இரண்டு மூன்று மாதங்களில்தான் வீக்கம் வடிகிறது, வலி நீங்குகிறது, ஊன்றுகோல் மூலைக்குப் போகிறது. குணமாகிவிட்டது என்ற எண்ணம் எழுவதில் வியப்பில்லை. பலர் பயிற்சியை நிறுத்துவது இக்கட்டத்திலேயே ஆகும்.

2016-இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விஷயத்தில் பெரிதும் தெளிவு தருகிறது. நார் மாற்றப்பட்ட 106 விளையாட்டுக்காரர்கள் இரண்டாண்டுகள் கவனிக்கப்பட்டனர். விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரையில் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், மறு காயத்தின் விகிதம் சுமார் பாதியாகக் குறைந்தது. கால்வலிமைச் சோதனைகளில் தேறிய பின் திரும்பியவர்களுள் 5.6 சதவிகிதத்தினரே மீண்டும் காயமுற்றனர். தேறாமல் திரும்பியவர்களிலோ 38.2 சதவிகிதத்தினர். எனவே வலியின்மையை மட்டுமோ, காலண்டரை மட்டுமோ நம்பி மைதானத்தில் இறங்குதல் கூடாது.

இச்சோதனைகளில் முதன்மையானது முன்தொடைத் தசையின் வலிமை. மூட்டில் வீக்கம் இருக்கும்வரை இத்தசைக்கு வரும் நரம்புத் தூண்டுதல் குறைந்துவிடுகிறது. தசை விரைவில் சுருங்குகிறது. நடமாட்டத்தால் மட்டும் அது மீள்வதில்லை. தையற்காரரின் டேப்பு ஒன்று இருந்தால் வீட்டிலேயே ஒருவாறு கணிக்கலாம். முழங்காற் சில்லுக்கு மேல் 15 செ.மீ. உயரத்தில் இரு தொடைகளின் சுற்றளவையும் அளந்து குறித்து, மாதம் ஒருமுறை ஒப்பிட்டு வரலாம். ஒற்றைக்காலால் தாவி, இரு கால்களும் எட்டும் தூரத்தை ஒப்பிடுவது வேறொரு சோதனை. 90 சதவிகிதமேனும் தேவை என்பர். ஆனால் இதனை மருத்துவரோ உடலியக்கச் சிகிச்சையாளரோ அனுமதித்த பின்னரே செய்ய வேண்டும். ஓய்வில் நல்ல காலும் மெலிவதால், இரண்டும் சமம் என்ற முடிவு சில வேளை பொய்த்துவிடுவதும் உண்டு.

பயிற்சிக்கு விலையுயர்ந்த சாதனங்கள் அவசியமில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் மெல்ல எழுந்து மெல்ல அமர்தல், சுவரில் முதுகைச் சார்த்தி அரைகுறையாக அமர்ந்து நிற்றல், ஒரே படியில் ஏறி இறங்குதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், ஒற்றைக்காலில் சமநிலையுடன் நிற்றல் ஆகியவற்றைப் பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்திலேயே செய்துவிடலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், ஆண்டுக்கணக்கில், இவற்றைத் தொடர்வதே கடினமான பகுதி. மறுநாட் காலையில் மூட்டு வீங்கியிருப்பின் முந்தின நாளின் வேலை மிகுதி என்று கொண்டு குறைத்துக்கொள்ள வேண்டும்.

தரையில் சம்மணமிட்டு அமர்தலும், குந்தியிருத்தலும் நம் நாட்டு வாழ்க்கையில் தவிர்க்க இயலாதவை. முழங்கால் முழுதும் மடங்கும் திறனைப் பெற்ற பின் பெரும்பாலோர் இவற்றுக்குப் படிப்படியாகத் திரும்புகின்றனர். பிறைக் குருத்தெலும்பும் தைக்கப்பட்டவர் மட்டும், சில மாதங்கள் வரை ஆழமாக மடக்கலாகாது என்ற டாக்டரின் தடையைத் தவறாது காத்தல் வேண்டும். தரையிலிருந்து எழும்பொழுது, ஊன்றிய காலைத் திருகாமல், இரு கைகளின் உதவியுடன் நேராக எழுவது நன்று. வரப்பில் நடக்கும் களப்பணியாளர், திரும்புமுன் பாதத்தைத் தூக்கி வைத்துத் திரும்பும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். சிறு பழக்கம்தான், முழங்காலைத் திருகும் விசையை இது பெரிதும் குறைத்துவிடும்.

சிகிச்சை பெறாத மறு காலையும் மறத்தலாகாது. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 2016-இல் ரியோ ஒலிம்பிக் பந்தயத்தில் முழங்காற் காயத்துடன் தூக்குப்படுக்கையில் வெளியேறினார். சிகிச்சைக்குப் பின் 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். 2023 ஆகஸ்டில் இடது முழங்காலில் ரண சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. ஓராண்டுக்குள் பாரிஸ் ஒலிம்பிக்கின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றார். (எடை 100 கிராம் மிகுந்ததால் அப்போட்டியை இழந்தது வேறு கதை.) இத்தகைய மீட்சி அனைவருக்கும் வாய்ப்பதன்று. 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, நார் மாற்றப்பட்டவர்களில் 55 சதவிகிதத்தினரே போட்டி விளையாட்டுக்குத் திரும்பினர். 2016-இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, சுமார் 15 சதவிகிதத்தினருக்கு இரண்டாம் முறை நார் அறுந்ததையும், அவற்றுள் பாதிக்குச் சற்று மேற்பட்டவை மறு காலில் நேர்ந்ததையும் கண்டது. 25 வயதுக்குட்பட்டு, விளையாட்டுக்கும் திரும்பியவர்களில் இது 23 சதவிகிதம். பள்ளி மாணவர் இவ்வகுப்பினரே. மாவட்டப் பந்தயம் நெருங்குகிறது என்பதற்காக ஆறாம் மாதத்திலேயே மாணவியைக் களத்தில் இறக்க விரும்பும் தேகப்பயிற்சி ஆசிரியர், வலிமைச் சோதனையின் முடிவைக் கேட்டுப் பெறுவது அவர் கடமையாகும். வலி தெரியாதிருக்க மாத்திரை கொடுத்து ஆடவைப்பது பெருந்தீங்கு.

பல ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடியது மூட்டுத் தேய்வு. சுவீடன் நாட்டில் இந்நார் அறுந்த கால்பந்தாட்டப் பெண்களை 12 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 2004-இல் முடிவு வெளியிட்டனர். எக்ஸ்-ரே எடுக்கப்பட்ட 67 பேரில் பாதிப் பேருக்குத் தேய்வு காணப்பட்டது. அப்பொழுது அவர்களின் சராசரி வயது 31 மட்டுமே. அவர்களுள் ரண சிகிச்சை பெற்றோரும் பெறாதோரும் இருந்தனர். புதிய நார் மூட்டை நிலைநிறுத்துகிறதேயன்றி, விபத்தன்று நசுங்கிய குருத்தெலும்பை முன்போல் ஆக்கிவிடுவதில்லை. எனினும் உடல் எடை மனிதர் கையில் உள்ளது. எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மீது விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் கணக்கிட்டனர். நாளொன்றுக்கு 5,000 அடி நடக்கும் சுகாதார ஊழியரின் ஒவ்வொரு முழங்காலுக்கும் இது மொத்தம் 10,000 கிலோ குறைவாகும். சைக்கிள் ஓட்டுதலும் நீந்துதலும் தேய்வு தொடங்கிய மூட்டுக்கும் ஏற்றவை.

நடக்கையில் முழங்கால் திடீரென விட்டுக்கொடுத்தல், மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்ளுதல், காரணமின்றி வீங்குதல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி டாக்டரிடம் காட்ட வேண்டும். எலும்பு கட்டுவோரிடம் சென்று மூட்டை இழுத்து முறுக்கிவிடச் செய்தல் அறவே கூடாது. வலியோ வீக்கமோ இன்றிக் 'கடக்' என்று ஓசை மட்டும் எழுமாயின் அஞ்ச வேண்டியதில்லை. உள்ளே வைத்த உலோகத் திருகையோ பொத்தானையோ பற்றிப் பலர் கவலையுறுகின்றனர். தொந்தரவு தராதவரை அவை ஆயுள் முழுதும் அங்கேயே இருக்கலாம்.