பிள்ளையா, பாட்டா?

ஒரு பெண் வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், புத்தி சொல்ல ஊரே கிளம்பி வந்துவிடும். இதைச் சாப்பிடாதே, அங்கே போகாதே, கனம் தூக்காதே என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அதெல்லாம் அன்பில் சொல்வது. ஆனால் அவள் வேலை பார்க்கிறவளாகவோ ஏதாவது ஒரு கலையில் பேர் எடுத்தவளாகவோ இருந்துவிட்டால், கூடவே ஒரு கேள்வியும் வரும். "இந்த நேரத்துல இது தேவையாம்மா? இவ்வளவு கஷ்டப்பட்டு வந்ததெல்லாம் என்ன ஆகும்?"

அமெரிக்காவில் புகழின் உச்சியில் நின்ற 21 வயதுப் பாடகி ஒருவருக்கும் இதே கேள்விதான் வந்தது. அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. பிள்ளையைப் பெற்றார். பிறகு அந்தக் கேள்வியையே ஒரு பாட்டாக்கித் தன் முதல் தனி ஆல்பத்தில் வைத்தார். அந்தப் பாடகி லாரின் ஹில். ஆல்பத்தின் பெயர் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்'.

ராப் என்றால் என்ன?

"ராப்பா? ஐயோ, அந்தச் சத்தமா?" என்று முகம் சுளிக்கும் சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள். தாளம் ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அதற்கு இசைவாக எதுகை மோனையோடு பேச்சைக் கொட்டுவதுதான் ராப். 1970களில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் தெருக் கொண்டாட்டங்களில் வளர்த்த கலை இது. பெரிய வாத்தியம் வேண்டாம், பெரிய சங்கீதப் படிப்பும் வேண்டாம். மனசில் இருப்பதைச் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஆண்களின் கோட்டையாகத்தான் இது முதலில் இருந்தது. ஆனாலும் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1988ல் எம்.சி. லைட், 1989ல் குவீன் லத்தீஃபா என்று ஒவ்வொருவராகத் தங்கள் முதல் ஆல்பத்தோடு வந்தார்கள். அவர்கள் போட்ட பாதையில் வந்தவர்தான் லாரின்.

டீச்சர் வீட்டுப் பெண்

லாரின் 1975ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். அம்மா பள்ளி ஆசிரியை. படிப்பிலும் கெட்டி, பாட்டிலும் கெட்டி. 1993ல் வந்த 'சிஸ்டர் ஆக்ட் 2' படத்தில், அம்மாவின் தடையை மீறிப் பாட ஆசைப்படும் மாணவியாக நடித்திருக்கிறார். பள்ளிக்கூட நாட்களிலேயே இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். அதுதான் 'ஃப்யூஜீஸ்' குழு. 1996ல் அவர்கள் வெளியிட்ட 'தி ஸ்கோர்' ஆல்பம் உலகமெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. 1997ல் இரண்டு கிராமி விருதுகளும் கிடைத்தன.

இப்படி எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் லாரின் முழுகாமல் இருந்தார். குழந்தையின் தகப்பன் ரோஹன் மார்லி, புகழ்பெற்ற ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் மகன். லாரினுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் சிலர், குழந்தை இப்போது வேண்டாம், உன் எதிர்காலத்தைப் பார் என்று சொன்னார்கள். 1997 ஆகஸ்டில் மகன் சயான் பிறந்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சில பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் முடியும் நகமும் நன்றாக வளரும், தனக்கோ சிந்தனையும் படைக்கும் சக்தியும் வளர்ந்தன என்கிற பொருளில் லாரின் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். மசக்கையில் துவண்டு கிடப்பதும் உண்மைதான். ஆனால் அந்த மாதங்களில் மனம் தனியாக விழித்துக்கொண்டு எதையெதையோ யோசிப்பதும் உண்மைதானே? பெற்றவர்களுக்குத் தெரியும்.

கைக்குழந்தையோடு வேலை

மகன் பிறந்த சில மாதங்களில் ஆல்பம் வேலை தொடங்கிவிட்டது. நியூயார்க்கிலும், ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரிலும் பாட்டுகள் பதிவாயின. கிங்ஸ்டனில் பதிவு செய்த இடம் பாப் மார்லி உருவாக்கிய டஃப் காங் ஸ்டுடியோ. குழந்தையின் தாத்தா 1981லேயே காலமாகிவிட்டார். அவர் இருந்து பாடிய இடத்துக்கு வந்து பேரனின் அம்மா பாடினார் என்றால், கேட்கும்போதே மனசு நெகிழ்கிறது.

1998 ஆகஸ்ட் 25ந் தேதி ஆல்பம் வெளிவந்தது. அம்மாடி, அப்போது லாரின் மறுபடியும் கர்ப்பிணி! மூன்று மாதம்கூட ஆகவில்லை, நவம்பரில் மகள் சிலா பிறந்தாள். ஒரு குழந்தை இடுப்பில், ஒன்று வயிற்றில், கையில் ஆல்பம்.

என் மகள் இதைப் போட்டுக் காட்டி, புரியாத இடங்களில் நிறுத்தி விளக்கம் சொன்னாள். ஆரம்பமே பள்ளிக்கூட மணிச் சத்தம்! ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார். ஒவ்வொரு பிள்ளையும் பதில் கொடுக்கிறது. "லாரின் ஹில்" என்று திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார், பதிலே இல்லை. வகுப்புக்கு வராமல் போன அந்தப் பெண், வெளியே வாழ்க்கையிடம் படித்த பாடங்கள்தான் மற்ற பாட்டுகள். பாட்டுகளுக்கு நடுவே அந்த வகுப்புப் பிள்ளைகள் அன்பு என்றால் என்ன என்று ஆசிரியரோடு பேசுவதும் வருகிறது. ஆசிரியராகக் குரல் கொடுத்த ராஸ் பராக்கா நிஜத்திலும் ஆசிரியர், கவிஞர். 2014ல் நியூவார்க் நகரத்துக்கு மேயரானார்.

ஏமாந்த காதல், நண்பர்களிடம் பட்ட காயம், வளர்ந்த தெருவின் நினைவு என்று பல விஷயங்கள் இந்த ஆல்பத்தில் உண்டு. சில இடங்களில் ராப், சில இடங்களில் நல்ல கனிந்த பாட்டு. இரண்டையும் ஒரே குரல் இப்படிச் செய்வது அபூர்வம் என்கிறார்கள்.

நடுவில் வருகிறது மகனுக்கான பாட்டு, 'டு சயான்'. கிதார் வாசித்திருப்பவர் கார்லோஸ் சந்தானா. குழந்தை வரப்போகிறது என்று தெரிந்தபோது இருந்த பயம், மற்றவர்கள் சொன்ன யோசனை, அதைக் கேட்காமல் தன் மனசு சொன்னபடி நடந்தது, அந்தப் பிள்ளையால் வந்த சந்தோஷம் எல்லாம் அதில் இருக்கிறது. தாலாட்டு என்றும் சொல்லலாம், பதில் என்றும் சொல்லலாம்.

கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?

முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 4 லட்சத்து 22 ஆயிரம் பிரதிகளுக்கு மேல் விற்று, விற்பனைப் பட்டியலில் முதல் இடத்தில் உட்கார்ந்தது. 'டூ வாப்' என்ற பாட்டும் அந்த நவம்பரில் பாட்டுகளின் பட்டியலில் முதல் இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு ராப் பாடகி யாருடைய துணையும் இல்லாமல் தனியாக அந்த இடத்துக்கு வர 2017 ஆகவேண்டியிருந்தது. வந்தவர் கார்டி பி.

1999 பிப்ரவரியில் கிராமி விழா. பத்துப் பரிந்துரைகள் இருந்தன, ஐந்து விருதுகள் கிடைத்தன. ஒரே இரவில் ஐந்து கிராமி வாங்கிய முதல் பெண் அவர்தான். அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பெரிய விருதும் அதில் ஒன்று. ஹிப்ஹாப் ஆல்பம் ஒன்று அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை. பிள்ளை பிறந்தால் எல்லாம் போச்சு என்றார்களே, அவர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது!

இதை அதிகமாகக் கொண்டாடியவர்கள் இளம் பெண்கள். குறிப்பாகக் கறுப்பினப் பெண்கள், தங்கள் காதலும் கண்ணீரும் கௌரவமாகப் பேசப்பட்டதாக நினைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 2018ல் ஜோன் மார்கன் என்ற எழுத்தாளர் இந்த ஒரு ஆல்பத்தைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதினார்.

குறை சொன்னவர்களும் உண்டு. 'டூ வாப்' பாட்டில் பெண்களுக்குப் பாதி புத்திமதி, ஆண்களுக்குப் பாதி. ஒட்டு முடியும் ஒட்டு நகமும் எதற்கு என்று பெண்களைக் கேட்கிற இடம் சிலருக்குச் சுருக்கென்று தைத்தது. "எங்கள் அலங்காரம் எங்கள் இஷ்டம், இது என்ன பாட்டி உபதேசம்?" என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதிலும் நியாயம் தெரிகிறது. அடுத்தவர் புத்திமதி பொறுக்காமல் பாடியவர் அடுத்தவருக்குப் புத்தி சொன்னால், கேட்கிறவர்கள் கேள்வி கேட்கத்தானே செய்வார்கள்?

இன்னொரு தகராறும் வந்தது. ஆல்பத்தில் உழைத்த இசைக் கலைஞர்கள் நான்கு பேர், தங்கள் பங்குக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்று 1998லேயே வழக்குப் போட்டார்கள். 2001ல் அது சமரசத்தில் முடிந்தது. கல்யாணச் சமையலுக்கு மேஸ்திரி ஒருவர் பெயர்தான் பேசப்படும். ஆனால் காய் நறுக்கியவர்களுக்கும் தேங்காய் துருவியவர்களுக்கும் அதில் பங்கு உண்டல்லவா?

அதற்குப் பிறகு

கதை இங்கே சுபம் என்று முடிந்தால் நன்றாக இருக்கும். வாழ்க்கை அப்படி இல்லை. லாரினின் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் இதுவரை வரவில்லை. 2002ல் கையில் கிதாரோடு தனியாகப் பாடிய ஒரு நிகழ்ச்சியின் பதிவு வந்தது. சிலர் உருகினார்கள், சிலர் கைவிரித்தார்கள். கச்சேரிகளுக்கு நேரம் கழித்து வருகிறார் என்ற கோபமும் ரசிகர்களுக்கு உண்டு. வரி கட்டாத குற்றத்துக்காக 2013ல் மூன்று மாதம் சிறையிலும் இருந்தார். ஆறு குழந்தைகளுக்குத் தாயானார்.

"பார்த்தாயா, குடும்பம் வந்ததும் பாட்டு நின்றுவிட்டது" என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒரு ஆல்பம் பிறந்ததே முதல் பிள்ளை வந்த பிறகுதானே? ஒரு மனுஷி அடுத்து ஏன் செய்யவில்லை என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். பழியைத் தூக்கித் தொட்டிலின் மேல் போடுவது சுலபம், அவ்வளவுதான்.

அந்த ஆல்பமோ இன்னும் வாழ்கிறது. பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தொகுக்கும் பட்டியலில் 2015ல் இதையும் சேர்த்தார்கள். அந்த நாட்டில் ஒரு கோடி பிரதிகளுக்குச் சமமாக விற்றதற்கு 2021ல் வைரச் சான்றிதழ் கிடைத்தது. ராப் பாடகி ஒருவரின் ஆல்பத்துக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 2024ல் ஆப்பிள் மியூசிக் நிறுவனம் வெளியிட்ட நூறு சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் முதல் இடமும் இதற்குத்தான்.

கார்டி பி என்று மேலே சொன்னேனே, அவர் கதையையும் கேளுங்கள். 2018 ஏப்ரலில் அவருடைய முதல் ஸ்டுடியோ ஆல்பம் வந்தபோது அவரும் கர்ப்பிணியாக இருந்தார். லாரினின் 'எக்ஸ் ஃபாக்டர்' என்ற பாட்டின் சாயலை எடுத்து அதில் ஒரு பாட்டும் செய்திருந்தார். குழந்தையா, தொழிலா என்ற பழைய கேள்வி இருபது வருஷம் கழித்து அவரையும் விடவில்லை! அவர் ஜூலையில் மகளைப் பெற்றெடுத்தார், மறு ஆண்டு சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமியையும் வாங்கினார்.

நமக்கு என்ன இதில்?

எல்லோரும் கைக்குழந்தையோடு ஓடி ஓடி உழைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பிரசவித்த உடம்புக்கு ஓய்வு வேண்டும், சத்தான சாப்பாடு வேண்டும், தூக்கம் வேண்டும். சில காலம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் குழந்தையோடு இருக்க ஒரு பெண் விரும்பினால் அதுவும் அழகுதான். முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும், பயமுறுத்தி எடுக்க வைத்ததாக இருக்கக் கூடாது. அவ்வளவே.

இளம் தாய்மார்களே, பிள்ளை பிறந்தபின் உங்கள் தையலோ பாட்டோ படிப்போ ஓரமாகக் கிடக்கிறது என்றால், அது செத்துவிட்டதாக நினைத்து ஏங்காதீர்கள். அது உங்களோடுதான் இருக்கிறது. ஒருவேளை முன்னைவிட ஆழமாகவே இருக்கும்.

மாமியார்களே, அம்மாக்களே, அத்தைகளே! வீட்டுப் பெண் வெட்கத்தோடு வந்து "நாள் தள்ளிப் போயிருக்கு" என்று சொன்னால், "வேலை என்னடி ஆகும்?" என்று முதலில் கேட்காதீர்கள். "சந்தோஷமா இருக்கியா?" என்று கேளுங்கள். பிறகு, குழந்தையைத் தினம் ஒரு மணி நேரம் யார் வாங்கி வைத்துக்கொள்வது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். புத்திமதியைவிட அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு உதவும்.