நீர்க்காகம்

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே கடலொடு கலக்கின்றது. இடைப்பட்ட நிலமெங்கும் அவ்வாற்று நீரால் நிறையும் குளங்கள் பல. அக்குளங்களிலும், கடலோரக் கழிமுகச் சேற்று நிலங்களிலும் நாம் எளிதிற் காணத்தக்க கரிய பறவை நீர்க்காகம்.

பெயரில் காகம் என்றிருப்பினும் இது காக்கை இனத்தது அன்று. அதனினும் சற்றுப் பெரியது. ஏறத்தாழ 50 செ.மீ. நீளமுடையது. கழுத்தும் வாலும் நீண்டவை. அலகின் நுனி கொக்கிபோல் வளைந்திருத்தலின், வழுக்கும் மீனும் எளிதில் நழுவாது. காக்கையின் கால்விரல்கள் தனித்தனியே நிற்கும். நீர்க்காகத்தின் நான்கு விரல்களையும் சவ்வு இணைக்கின்றது. அக்கால்களே அதற்குத் துடுப்பு. நீருள் மூழ்கி, கால்களால் உந்திச் சென்று, மீனைத் துரத்திப் பிடிக்கும்.

வாத்தின் இறகில் நீர் ஒட்டாது, உருண்டோடும். நீர்க்காகத்தின் இறகிலோ வெளிப்பகுதி நனைந்துவிடும். நீரில் வாழும் பறவைக்கு இஃதொரு குறையன்றோ எனத் தோன்றலாம். ஆராய்ந்து நோக்கின், குறையன்று. இறகுகளிடையே காற்று மிகுதியாகத் தங்கினால் உடல் தக்கைபோல் மிதக்கும், மூழ்குதல் அரிதாகும். நனையும் இறகே மூழ்குதலை எளிதாக்குகின்றது. வேட்டை முடிந்தபின், மரக்கிளையிலோ பாறையிலோ அமர்ந்து, இரு சிறகுகளையும் விரித்து வெயிலில் உலர்த்தும்.

ஆகவே, இப்பறவைக்கு நீர் மட்டும் போதாது. நீரருகே மரமும் வேண்டும். கொக்கு, நாரை முதலியவற்றோடு கூடி மரங்களிற் சுள்ளிகளால் கூடமைத்து, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்; குஞ்சுகளுக்கு இரையும் ஊட்டும்.

நாங்குநேரிப் பகுதியிலுள்ள கூந்தன்குளம், தாமிரபரணியின் துணையாறாகிய மணிமுத்தாற்றின் நீரைக் கால்வாய் வழியாகப் பெறுவது. 1994-ஆம் ஆண்டில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. அவ்வூர் மக்கள் தம் வீட்டு மரங்களிலும் பறவைகள் கூடு கட்ட இடந்தருகின்றனர். அவை அஞ்சிப் பறந்து போகாதிருக்கத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. பறவைகளும் வாளா இருப்பதில்லை. அவற்றின் எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்லுரமாகின்றது.

குளத்தைத் தூர்வாருதல் நற்செயலே. ஆயினும், நீர்நடுவே முதிர்ந்து நிற்கும் கருவேல மரங்களையும் உடன் களைந்துவிட்டால், குளம் நிரம்பி வழிந்தாலும் நீர்க்காகம் ஆங்குத் தங்காது. நனைந்த சிறகை உலர்த்த ஒரு கிளை. அதனை விட்டுவைத்தல் நம் கையில் உள்ளது.