முகம் மறைப்பதைக் கரம் காட்டும்

போக்கர் என்னும் சீட்டாட்டத்தில், கைக்கு வந்த சீட்டின் மதிப்பு மட்டுமே வெற்றியை நிர்ணயிப்பதில்லை. பரவலாக ஆடப்படும் வகையில் ஒவ்வொருவருக்கும் 2 சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்பட்டு, எல்லோருக்கும் பொதுவான 5 சீட்டுகள் மேசைமேல் படிப்படியாகத் திறந்து வைக்கப்படுகின்றன. வலுவற்ற சீட்டை வைத்திருப்பவர் பெருந்தொகையைப் பணயம் வைத்து, எதிரியை அஞ்சி விலகச் செய்யலாம்; வலுவான சீட்டு உடையவரோ தயங்குவதுபோல் பாசாங்கு செய்து, எதிரியை மேலும் பணம் போடத் தூண்டலாம். ஆகவே எதிரே இருப்பவரின் சுவாசம், பார்வை, பேச்சு, அங்க அசைவு ஆகிய அனைத்தையும் கூர்ந்து நோக்குவது இவ்வாட்டத்தில் தேர்ந்தவர்களின் இடையறாத பிரயத்தனமாக இருந்து வருகிறது.

இவ்வனுபவ ஞானத்தைத் தொகுத்து, அமெரிக்கரான மைக் காரோ 1984-இல் ஒரு நூலாக வெளியிட்டார். வலிமையை நடிப்பவர் பெரும்பாலும் பலவீனர், பலவீனத்தை நடிப்பவர் பெரும்பாலும் வலியவர் என்பதே அவர் கண்ட பொது விதி. பணயம் வைக்கும்போது திடீரென்று கை நடுங்கினால் அதைப் பொய்யனின் அச்சம் என்று புதியவர்கள் கருதுவார்கள்; ஆனால் அரிய சீட்டு கிடைத்தவரின் மனத்தில் அதுவரை தேங்கியிருந்த பரபரப்பு வெளிப்படுவதே அந்த நடுக்கத்துக்குக் காரணமாவது அதிகம் என்கிறார் அவர்.

மனோதத்துவ அறிஞர் மைக்கேல் ஸ்லெபியனும் அவருடைய சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் விசேஷமானது. லாஸ் வேகாஸில் நடைபெற்ற 2009-ஆம் ஆண்டு உலகப் போக்கர் போட்டியின் ஒளிப்பதிவுகளிலிருந்து, ஆட்டக்காரர்கள் பணயம் வைக்கும் ஓரிரு விநாடிக் காட்சிகளை மட்டும் எடுத்து, அவர்களுடைய சீட்டு எவ்வளவு வலுவானது என்று மாணவர்களைக் கணிக்கச் செய்தார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் கணிப்பு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிடவும் மோசமாக இருந்தது. முகத்தை மறைத்துக் கரங்களை மட்டும் காட்டியபோதோ கணிப்பு பலித்தது. நல்ல சீட்டு உடையவரின் கை, பணயச் சில்லுகளைத் தங்குதடையின்றிச் சீராக நகர்த்தியதே அதற்கான தடயமாகத் தோன்றியது.

முகம் மறைப்பதைக் கரம் காட்டிவிடுவதற்குரிய காரணத்தை மனோதத்துவ அறிஞர்களான பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1969-லேயே கூறியிருக்கிறார்கள். பிறர் இடைவிடாது நோக்குவது நம் முகத்தையே. ஆதலால் பால்ய பருவம் முதல் அதை அடக்கியாளப் பழகிவிடுகிறோம். கைகால்களை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லையாதலால், அவற்றைக் காவல் செய்ய மனம் மறந்துவிடுகிறது.

எனினும் இக்குறிகளைச் சர்வ நிச்சயமாகக் கொள்வது அபாயம். பொய்யையும் மெய்யையும் பகுத்தறியும் மனிதத் திறமையைப் பற்றிய 206 ஆய்வுகளை ஒருங்கே திரட்டிப் பார்த்த மனோதத்துவ அறிஞர்களான பாண்டும் டிபாலோவும், 100-க்கு 54 தடவையே நம் ஊகம் சரியாகிறது என்று 2006-இல் அறிவித்தார்கள். நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 தடவை சரியாகிவிடும். ஆகையால்தான் பழுத்த ஆட்டக்காரர், ஒருவரது சகஜ சுபாவத்தை முதலில் நெடுநேரம் நோக்கி, அதிலிருந்து நேரும் மாறுதலையே குறியாகக் கொள்கிறார். எப்போதும் நடுங்குகிற கையின் நடுக்கத்துக்கு அவர் பொருள் தேடுவதில்லை. அன்றியும், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், 2017-இல் 4 தேர்ந்த ஆட்டக்காரர்களுடன் 1,20,000 ஆட்டங்கள் ஆடி, எவர் முகத்தையும் பாராமல் கணிதத்தின் பலத்தாலேயே வென்றது. கணக்கே இவ்வாட்டத்தின் அஸ்திவாரம். குறிப்பறிதல் அதன்மேல் எழும் சிறு துணைதான்.

சூதாட்டத்தில் தவறாகக் கணித்தவர் பணத்தை மட்டுமே இழக்கிறார். சாட்சிக் கூண்டில் நிற்பவரையும், வேலைக்கு விண்ணப்பித்து வந்தவரையும், காவல் நிலையத்தில் விசாரிக்கப்படுபவரையும் முகத்தைப் பார்த்தே எடைபோடுகிறவர்கள் பிறருடைய வாழ்க்கையையே பணயம் வைக்கிறார்கள். அத்தகைய பொறுப்பில் இருப்போர் அனைவரும், தங்கள் கண்ணின் கூர்மையை நம்புவதற்கு முன் சாட்சியங்களை நிதானமாக ஆராய்வதே தர்மம்.