கொட்டாங்கச்சிக் கரியில் மின்சாரம்

தேங்காயைத் துருவியதும் கொட்டாங்கச்சியை அடுப்பில் போடுகிறோம். அதே கொட்டாங்கச்சி மின்சாரத்தைச் சேமிக்கவும் உதவுகிறது என்றால் நம்புவீர்களா?

மின்தேக்கியைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தகடுகளின் பரப்பு கூடினால் அதன் மின்தேக்குத் திறன் கூடும். இடைவெளி குறைந்தாலும் கூடும். சரி, சிறிய டப்பாவுக்குள் பெரிய பரப்பை அடைப்பது எப்படி?

கொட்டாங்கச்சியைக் காற்றுப் புகாத கலத்தில் சூடாக்கினால் கரியாகும். அக்கரியின் மீது சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியைச் செலுத்தினால், கரியின் ஒரு பகுதி அரிக்கப்பட்டு வாயுவாக வெளியேறும். எஞ்சிய கரி முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள்! இதுவே கிளர்வூட்டிய கரி. இதில் ஒரு கிராமின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டருக்கும் மேல். அதாவது ஏறத்தாழ நான்கு டென்னிஸ் ஆடுகளங்கள்!

இக்கரியைப் பூசிய இரு உலோகத் தாள்களை மின்பகுளியில் வைத்து மின்னேற்றினால், அயனிகள் துளைச் சுவர்களை ஒட்டி அணிவகுக்கும். இங்கு மின்னூட்டங்களுக்கு இடையேயுள்ள தொலைவு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. பரப்போ மிகப் பெரிது. இதுவே மீமின்தேக்கி. நுண்துளைக் கரியைக் கொண்ட இத்தகைய மின்தேக்கிக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1957-இல் காப்புரிமை பெற்றது.

இதைச் சில வினாடிகளில் மின்னேற்றலாம். லட்சக்கணக்கான முறை பயன்படுத்தலாம். ஆனால் அதே எடையுள்ள லித்தியம் மின்கலத்தைவிட மிகக் குறைந்த ஆற்றலையே இது சேமிக்கும். எனவே, பேருந்தில் பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்துவைத்து, மீண்டும் புறப்படும்போது தருவது போன்ற வேலைகளுக்கே ஏற்றது.

மாணவர்களே, ஒன்றை மறக்கலாகாது. கொட்டாங்கச்சியைத் திறந்த குழியில் சுட்டால் புகை ஊரைச் சூழும். மூடிய உலையில் சுட்டாலோ அப்புகையையே எரிபொருளாக்கலாம். கழிவு பயன்படுவது மட்டும் போதாது. பயன்படுத்தும் முறையும் நன்றாயிருக்க வேண்டும்.