ஸ்டார் ரேட்டிங்கை நம்பலாமா? பில் கட்டினது யாருன்னு பாருங்க!

புது ஊருக்குப் போனதும் ‘இங்க எங்க நல்லா சாப்பிடலாம்?’ என்று போனில்தான் தேடுகிறோம். அது காட்டும் ஸ்டார்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

2017-ல் லண்டனில் ஊபா பட்லர் என்பவர், இல்லவே இல்லாத ஓர் உணவகத்துக்குப் போலி ரிவ்யூக்களைக் குவித்தார். ட்ரிப்அட்வைசரில் அது லண்டனின் நம்பர் 1 உணவகமாகிவிட்டது!

மிஷெலின் கைடு ரூட்டே வேற. 1900-ல் பிரான்ஸின் டயர் நிறுவனமான மிஷெலின், கார் ஓட்டுபவர்களுக்காக இதைத் தொடங்கியது. ஸ்டார் வந்தது 1926-ல்.

எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

ஆய்வாளர் தான் யாரென்று சொல்லாமல் சாப்பிட்டு, பில்லையும் கட்டிவிட்டு வருவார். ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது. ஆய்வாளர்கள் கூடிப் பேசித்தான் ஸ்டார். பொருள்களின் தரம், சமைக்கும் திறன், சுவை, சமையல் கலைஞரின் தனித்துவம், எப்போது போனாலும் ஒரே தரம்... இவ்வளவுதான் கணக்கு. உள் அலங்காரத்துக்கு மார்க் கிடையாது.

ஆனால் ஒரு விஷயம். தாய்லாந்தில் இந்த கைடு வெளிவர, அந்நாட்டுச் சுற்றுலாத் துறையே நிதி கொடுத்தது. ‘ஸ்டார் முடிவில் அதற்குப் பங்கில்லை’ என்பது மிஷெலின் தரப்பு விளக்கம்.

ஆக, அடுத்த ட்ரிப்பில் எத்தனை ஸ்டார் என்று மட்டும் பார்க்காதீங்க. கொடுத்தவர் அங்கே சாப்பிட்டாரா, காசு யாருடையது என்பதையும் பாருங்க.